ஆப்சென்ட்டுக்கும் மிஸ்ஸிங்குக்கும் நடுவில் ஒரு கடைவாய்ப்பல்

கப்பல் சரக்குக் கம்பெனி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது. எங்கள் காலத்துக் குமாஸ்தாக்களைவிட நன்றாகவே வருகிறது. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்தவனால் பெரிய ஆபத்து எதுவும் வராது. ஒரு காரியத்துக்கு ஒரே வார்த்தைதான் அவன் கையில் இருக்கும். அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். நன்றாகத் தெரிந்தவன் முன்னால்தான் நாலு வார்த்தைகள் வந்து நின்று, என்னை எடு, என்னை எடு என்று கையை நீட்டும். அவற்றில் அழகாக இருப்பதை அவன் எடுத்தான் என்றால் தீர்ந்தது கதை.

சாக்கு ‘டோர்ன்’ என்று எழுதினால் கிழிந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘டேமேஜ்’ என்று எழுதிப் பாருங்கள், உள்ளே இருந்த சரக்கும் கெட்டது என்றாகி இன்ஷூரன்ஸ்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். கப்பல் ‘டிலே’ ஆனது என்றால் அது காற்றின் குற்றம், மழையின் குற்றம். ‘டிடெய்ன்’ ஆனது என்றால் யாரோ பிடித்து வைத்தார்கள் என்று பொருள். அந்த யாரோ பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். பார்வைக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு கதவைத் தட்டினால் மோர் கொடுப்பார்கள், இன்னொரு கதவைத் தட்டினால் நாயை அவிழ்த்து விடுவார்கள்.

இதையெல்லாம் நீங்கள் அகராதி பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அகராதி பார்த்தும் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிய வார்த்தை யார் காதில் போய் விழப்போகிறது என்பதை எந்த அகராதிக்காரனும் எழுதி வைக்கவில்லை. சுதந்திரம் வந்து ஓரிரண்டு வருஷங்கள் ஆகியிருந்த சமயம், நம் கப்பல் துறையில் ஒரு காலை வேளையில் அது எனக்குப் புரிந்தது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தோணி விஞ்ச் ஓட்டுகிறவன். கப்பலின் அடிவயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி இறக்கும் இயந்திரத்துக்குத்தான் விஞ்ச் என்று பெயர். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஏழெட்டு வருஷமாகத் தினக்கூலி. அந்த மாதக் கடைசியில்தான் அவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக இருந்தது. கம்பெனி விதிப்படி அந்தப் பட்டியலில் இருப்பவன் மூன்று முறை ‘ஆப்சென்ட்’ ஆனால் பெயர் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து தினக்கூலி. அந்தோணிக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. ஒன்று புயலில் கூரை பறந்த அன்று, இன்னொன்று பறந்த கூரையைத் தேடிப் போன அன்று.

காதர் பாய், அந்தோணி இருந்த கோஷ்டியின் மேஸ்திரி. வண்ணாரப்பேட்டைக்காரர், இடி மாதிரிக் குரல். வரதராஜன் டைம் கீப்பர், காலடிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். இங்கிலீஷ் மீது தீராத காதல் கொண்டவர். மத்தியானம் சாப்பிடும்போதுகூட ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையில் அகராதி. எங்கள் ஹெட் கிளார்க்கின் பெயரை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. தன் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமல் பார்த்துக்கொண்டே முப்பது வருஷம் வேலை செய்தவர் அவர், நான் கெடுப்பானேன். கூர்மையான மூளை, ஆனால் துரையின் எதிரில் போய் நின்றால் விக்கல் வந்துவிடும். அதனால் அவர் விக்குவதை இங்கிலீஷில் சொல்லும் வேலை என்னுடையது. துரை என்றால் எங்கள் சூப்பிரண்டெண்டு. நாடு சுதந்திரம் அடைந்துவிட்ட செய்தி எங்கள் கம்பெனிக்கு இன்னும் சரியாக வந்து சேராததால் அவர் அங்கேயே இருந்தார். உயரமான ஆள், அதிகம் பேச மாட்டார்.

கடைசியாக, துறையின் வழக்கம் ஒன்று. இது சட்டத்தில் கிடையாது. ஆனால் எந்தத் துரையும் இதை மீறியதில்லை. தண்ணீரில் ஆள் விழுந்துவிட்டால் ஷெட்டின் மணியை அடிப்பார்கள். வேறு எதற்கும் அந்த மணியை அடிப்பதில்லை. மணி அடித்தால் அந்தத் துறையில் எல்லாக் கொக்கிகளும் அப்படியே நின்றுவிடும். ஆள் கரை சேரும்வரை, உயிரோடோ இல்லாமலோ, ஒருவனும் ஒரு மூட்டையைத் தொட மாட்டான். அதோடு, விழுந்தவனின் பெயரையும் யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கடல் அதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு ஆளை விடாது என்பது நம்பிக்கை. ‘அவரு’ என்றுதான் சொல்வார்கள்.

அன்று பர்மா அரிசிக் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊரில் அரிசிக்கு ரேஷன். மழைக்கு முன் இறக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே பரபரப்பு.

அந்தோணிக்குக் கடைவாய்ப்பல்லில் வலி. இரண்டு நாளாகத் தூங்கவில்லை. காலையில் வந்தவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரதராஜனிடம் கெஞ்சியிருக்கிறான்.

“ஒரே ஒரு மணி நேரம் பாத்துக்கோ நைனா. கல்மண்டபத்துல போயி இத்தப் பிடுங்கிப் போட்டுட்டு ஓடியாந்துடறேன். அதுவரிக்கும் நம்ம தோஸ்து ஒருத்தன் விஞ்ச பாத்துக்குவான். எங்க போறேன்னு அவனாண்டகூட சொல்லல. என் பேரை மட்டும் வெட்டிடாதே, புள்ளக்குட்டிக்காரன்.”

வரதராஜன் நல்ல மனசுக்காரர். சரி என்றுவிட்டார். ஆனால் ஒவ்வொரு காலையும் துரை வந்து பார்க்கும் கரும்பலகையில், எந்த விஞ்சில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று சாக்பீஸால் எழுதியாக வேண்டும். அந்தோணி பெயருக்கு எதிரில் என்ன எழுதுவது? பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. ‘ஆப்சென்ட்’ என்றால் அவன் பிழைப்பு போயிற்று. ‘அவே’ என்று எழுதலாமா என்றால், ஊருக்கே போய்விட்டான் போலத் தொனிக்கிறது. ‘அவுட்’ என்பது கிரிக்கெட் ஆட்டக்காரனுக்கு. ‘லாஸ்ட்’ என்பது குடைக்குத்தான் பொருந்தும். யோசித்து யோசித்துக் கடைசியில் ‘மிஸ்ஸிங்’ என்று அழகாகச் சாய்வெழுத்தில் எழுதிவிட்டார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பிற்பாடு கேட்டபோது அவர் சொன்ன விளக்கத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“சட்டையிலே ஒரு பட்டன் மிஸ்ஸிங்னு சொல்றோம். அதுக்காக யாராவது பட்டனைத் தண்டிக்கிறோமா? குத்தம் சொல்லாத வார்த்தை சார் அது!”

துரை வந்தார். பலகையைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் ஜன்னல் வழியாகவே பார்த்தேன். எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று ஒரு கேள்வி கேட்க வேண்டுமே, கேட்கவில்லை. விறுவிறு என்று நடந்து போய்த் தன் கையாலேயே மணியை அடித்தார்.

அவ்வளவுதான். விஞ்ச் நின்றது. பாதி வழியில் தொங்கிய மூட்டைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. இருநூறு பேருக்கு மேல் துறை ஓரத்தில் வந்து குனிந்து தண்ணீரைப் பார்த்தார்கள். மேலே கப்பலின் கேப்டன் கைகளை ஆட்டிக்கொண்டு எதையோ கத்தினார். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பலகையை எட்டிப் பார்த்து வந்த ஒருவன் ‘விஞ்ச்காரரு’ என்று மட்டும் சொன்னான். அது எந்த விஞ்ச்காரன் என்று கோஷ்டிக்குத் தெரிந்துவிட்டது. காதர் பாய் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் சாட்சிகளும் கிளம்பிவிட்டார்கள்.

“நான் பாத்தேன் பாய். ஓரமா நின்னுகினு கன்னத்தைப் பிடிச்சிகினு இருந்தாரு. அப்பவே நெனச்சேன்.”

“நீ இன்னாத்த நெனச்சே? எனுக்கு சத்தமே கேட்டிச்சி. தொபுக்குனு.”

“தொபுக்கு இல்ல. ‘மாதாவே’ன்னு ஒரு குரல் வந்திச்சி.”

நம் ஆட்களை நான் குறை சொல்லவில்லை. ஒருவனுக்காக மனம் பதறும்போது அவன் விழுந்ததைப் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் கஷ்டம்.

ஆபீசுக்குள் வரதராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடந்ததை அவர் ஹெட் கிளார்க்கிடமும் என்னிடமும் சொல்லி முடித்தபோது வெளியே ராயபுரம் கரையிலிருந்து கட்டுமரங்கள் வந்துகொண்டிருந்தன. மணிச் சத்தம் கேட்டால் அவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உண்மையை உடனே போய்ச் சொன்னால், ‘மிஸ்ஸிங்’ அழிக்கப்பட்டு ‘ஆப்சென்ட்’ வரும். அந்தோணியின் வேலை போகும். வரதராஜன் வேலையும் சேர்ந்து போகலாம். சொல்லாமல் இருந்தால், இல்லாத ஆளைத் தேடி உயிருள்ள ஆட்கள் கப்பலுக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் முங்கப் போகிறார்கள். அதில் ஒருவன் நசுங்கினால் அந்தப் பாவம் யாருக்கு?

ஹெட் கிளார்க் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான் அவர் யோசித்த நேரம்.

“நீ சைக்கிளை எடு. கல்மண்டபம் போய் அவனைப் பிடிச்சுக் கொண்டா. நான் கட்டுமரக்காரங்ககிட்டே போய், கப்பலுக்கு அடியிலே முங்க வேண்டாம், வெளிப்பக்கம் மட்டும் தேடுங்கன்னு சொல்லி வைக்கிறேன். நீ ஆளோட வந்தா அவனை முன்னாலே நிறுத்தி உண்மையைச் சொல்லுவோம். ஆள் உயிரோட நிக்கும்போது சொல்ற உண்மை வேற, ஆள் இல்லாதப்போ சொல்ற உண்மை வேற. நீ வரத் தாமதமானா நானே துரைகிட்டே போயிடுவேன்.”

“உங்களுக்கு விக்கல் வருமே சார்.”

“விக்கிக்கிட்டே சொல்றேன். போடா!”

ஆபீஸ் பியூனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். கல்மண்டபத்தில் பாதையோரம் ஒரு பல் வைத்தியர் இருந்தார். பிடுங்கிய பற்களை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு வாசலிலேயே வைத்திருப்பார், நகைக்கடைக்காரர் சரக்கைப் பார்வைக்கு வைப்பது போல. போய் மூச்சு வாங்க, துறைமுகத்து அந்தோணி எங்கே என்று கேட்டேன்.

“அவனா? இப்பத்தான் பூட்டான். மணி கேட்டிச்சில்ல, அதைக் கேட்டதும் எழுந்து ஓடிட்டான். பஞ்சு வெச்சிருக்கேன், வாயத் தொறக்காதேன்னு சொல்லி துண்டால தாடையக் கட்டி அனுப்பிச்சேன். பல்லு கீது, வேணுமா?”

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆள் கிடைக்காதபோது ஆளின் ஒரு பாகமாவது கையில் இருக்கட்டும் என்று பட்டது போலிருக்கிறது. காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வழியில் நடந்ததைப் பிறகுதான் கோர்த்துப் பார்த்தேன். அந்தோணி மணிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறான். கேட்டில் இருந்த காவல்காரன், “தண்ணில ஆளு பூட்டாரு” என்றிருக்கிறான். யாரென்று கேட்க அந்தோணியால் வாய் திறக்க முடியாது. கேட்டிருந்தாலும் காவல்காரன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான். அந்தோணி மீனவர் குடும்பத்துப் பையன். நேரே படிக்கட்டுக்குப் போய், புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கட்டுமரத்தில் தாவி ஏறிவிட்டான். தலையிலிருந்து தாடைவரை துண்டு, கன்னம் இட்லிப் பானை மூடி மாதிரி வீங்கியிருந்தது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது, கட்டுமரக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ புண்ணியவான் உதவிக்கு வந்திருக்கிறான் என்று துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, நான் துறைக்குள் நுழைந்தபோது அந்தோணியைத் தேடுகிறவர்களிலேயே மிகவும் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தவன் அந்தோணிதான்.

துண்டுக் கட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுத் துறை ஓரத்துக்கு ஓடி, என் பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“அந்தோணீ!”

இருநூறு பேரும் பதறித் திரும்பினார்கள். காதர் பாய் பாய்ந்து வந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். அந்தக் கை முறம் அகலம். மூக்கும் சேர்ந்து மூடிக்கொண்டது.

“பேரைச் சொல்லாதே கிளார்க் சாரு! இன்னா சாரு நீ, படிச்சவன்? கொன்னுடுவே போல கீதே!”

வாயும் போனது, மூச்சும் போனது. மிச்சமிருந்தது விரல் ஒன்றுதான். கட்டுமரத்தை நோக்கி நீட்டினேன். அதோ, அதோ என்று ஆட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். நான் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரில் எதையோ கண்டுவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தோணியும் அப்படித்தான் நினைத்தான். நான் நீட்டிய விரலைப் பார்த்தான், தனக்குக் கீழே இருந்த தண்ணீரைப் பார்த்தான், சிலுவை போட்டுக்கொண்டான், குதித்துவிட்டான்.

சற்றுமுன் பல் பிடுங்கிய வாய். உள்ளே போனவன் எதற்கோ வாயைத் திறந்திருக்க வேண்டும். பஞ்சு போய்விட்டது. தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு வட்டம் பரவியது.

“ரத்தம்!” என்றான் ஒருவன்.

“சுறா!” என்றான் இன்னொருவன்.

அதற்குப் பிறகு துறையில் எழுந்த கூச்சலை நான் எழுதிக் காட்ட முடியாது. வரதராஜன் மயங்கி விழுந்தார். காதர் பாய் என் வாயை விட்டுவிட்டு அல்லாவைக் கூப்பிட்டார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கட்டுமரக்காரர்கள் நாலு பேர் ஒன்றாகக் கையை விட்டு, அந்தோணியைத் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார்கள். துண்டு தண்ணீரோடு போய்விட்டது. கரையில் கொண்டு வந்து போட்டார்கள். அவன் எழுந்து உட்கார்ந்து, காதர் பாயைப் பார்த்து, ரத்த வாயோடு கையை விரித்தான். ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

காதர் பாய் அவனைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

“டேய்! நீதானாடா அது!”

அறைய ஓங்கியவர் வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கையை மாற்றி மறு கன்னத்தில் ஒன்று வைத்தார். உடனே அவனை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓ என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்தோணிக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டுமரக்காரர்களில் மூத்தவருக்கும் புரியவில்லை.

“இவன் எங்களாண்ட தேட வந்த ஆளாச்சே. தண்ணில போனவரு எங்கேய்யா?”

“இவன்தாம்பா அவரு.”

“இவன் இப்பத்தானே குதிச்சான்? மணி எப்பவோ அடிச்சிட்டாங்களே?”

நியாயமான கேள்வி. துரை எங்களை நோக்கி வந்தார். ஹெட் கிளார்க்கும் வந்து சேர்ந்தார், வரும்போதே விக்கல் தொடங்கியிருந்தது.

துரை இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷில்தான் சொன்னேன். உங்களுக்காகத் தமிழில்.

“இவன்தான் காணாமல் போனவனா?”

“ஆமாம் சார்.”

“தண்ணீரிலிருந்துதானே எடுத்தார்கள்?”

“ஆமாம் சார்.”

இங்கேயே நிறுத்திக்கொண்டிருந்தால் எல்லாம் சுபம். சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். ஆனால் துரை விடவில்லை.

“எப்படி விழுந்தான்?”

“விழவில்லை சார். குதித்தான்.”

“குதித்தானா? எதற்கு?”

“காணாமல் போனவனைத் தேடி, சார்.”

துரை என்னை வெகுநேரம் பார்த்தார். வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம், ஆனால் அன்று வெயிலே இல்லை. வேறு வழி தெரியாமல் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

“இது என்ன?”

“இவன் காலையில் இருந்த இடம் சார்.”

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பல் வலியை, பட்டியலை, இரண்டு ஆப்சென்ட்டை, வரதராஜனின் நல்ல மனசை, அவர் வார்த்தை தேடியதை. துரையின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. பல்லோடு கையை மூடிக்கொண்டார்.

“அப்படியானால் இவன் ஆப்சென்ட்” என்றார்.

அந்தோணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை தினக்கூலிக்காரர் எல்லோருக்கும் தெரியும். அவன் தலை தொங்கிவிட்டது. காதர் பாயின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான், குழந்தை மாதிரி.

அப்போது ஹெட் கிளார்க் ஒரு அடி முன்னால் வந்தார். துரையோடு அவர் நேரடியாகப் பேசியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வாக்கியத்துக்கு ஒரு விக்கல்.

“சார். ஆப்சென்ட் என்றால், தன் இடத்தில் இல்லாதவன். ஹிக். அது அவனுடைய விஷயம். மிஸ்ஸிங் என்றால், மற்றவர்கள் தேடுகிறவன். ஹிக். அது நம்முடைய விஷயம். இவனை இந்தத் துறை முழுவதும் தேடியிருக்கிறது. மணி அடித்தது நீங்கள். ஹிக். இருநூறு பேர் தேடிய ஒருவனை, இல்லை, யாரும் தேடவில்லை, அவன் வரவில்லை அவ்வளவுதான் என்று இனி எப்படி சார் எழுதுவது?”

விக்கலைத் தவிர வேறு சத்தமில்லை. பிறகு துரை பேசியது எங்களிடமா, தனக்குத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“யுத்தத்தில் என் தம்பி கப்பலில் இருந்தான். மிஸ்ஸிங் என்று தந்தி வந்தது. அம்மா அடுத்த தந்திக்காகக் காத்திருந்தாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் ஆள் எழுந்து உட்கார்ந்து கையை விரித்து நான் பார்த்ததே இல்லை.”

அந்தோணி என்னை இடித்தான். “தொரை இன்னா சொல்றாரு?” என்று வாய்க்குள்ளேயே குழறினான். சொன்னேன். அவன் தன் வேலையைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“அவரு தம்பிய தேடுனாங்களாமா சாரு?”

இதை மொழிபெயர்க்கலாமா கூடாதா என்று தயங்கினேன். துரை, என்ன கேட்கிறான் என்று வற்புறுத்தினார். சொன்னேன்.

“கூட்டமாகப் போன கப்பல்கள். எதிரியின் கப்பல் பக்கத்திலேயே இருந்தது. நிற்க முடியவில்லை” என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன். அந்தோணி இடவலமாகத் தலையை ஆட்டினான். வாயில் ஊறிய ரத்தத்தை ஓரமாகத் துப்பிவிட்டு, நேராகத் துரையைப் பார்த்துத் தமிழிலேயே பேசினான்.

“எங்காளுங்களா இருந்தா நின்னிருப்பாங்க தொரை.”

இளைஞர்களே, எனக்கு அப்போதே ஓரளவு இங்கிலீஷ் தெரியும். இருந்தும் அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் என் குரல் இரண்டு முறை உடைந்தது. துரை கேட்டுக்கொண்டார். கடல் பக்கம் திரும்பி நின்றார். எல்லோரும் காத்திருந்தோம். மேலே கேப்டனும் எதையோ புரிந்துகொண்டது போலக் கத்துவதை நிறுத்தியிருந்தார்.

துரை திரும்பியபோது குரல் பழையபடி கம்பெனிக் குரலாக இருந்தது. காதர் பாயிடம், ஆள் கிடைத்துவிட்டார், மழைக்கு முன் அரிசியை இறக்குங்கள் என்றார். வரதராஜனுக்கு முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். இனி அவர் பலகையில் அழகான வார்த்தை எதுவும் எழுதக் கூடாது என்றார். அந்தோணியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். கையில் இருந்த பல் நினைவு வந்து, அதை அவனிடமே கொடுத்தார்.

“அவன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சொல்” என்றார் என்னிடம். “நாளைக் காலையில் விஞ்சில் இருக்க வேண்டும் என்று சொல். வராவிட்டால் நானே அவன் வீட்டுக்குத் தேடிக்கொண்டு வருவேன் என்று சொல்.”

சொன்னேன். அந்தோணி பல்லைப் பிடித்துக்கொண்டிருந்த கையாலேயே துரைக்குக் கும்பிடு போட்டான். மறுநாள் கேட் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான்.